ரூபன் போட்ட ஜாயிண்ட்

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கார் ஏ.சி. வேலை பார்த்துக்கொண்டிருந்தான் ரூபன். தொழில் கார் ஏ.சி. என்றாலும் கை என்னவோ பம்ப் கம்பெனிக் கைதான். ஏ.சி. பழகியது இரண்டு வருஷம். அதற்கு முன்னால் ஒரு மாமாங்கம் பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவன் அவன்.

அந்தக் கம்பெனியில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. பைப்பைப் பம்ப்பில் முடுக்குவதற்கு முன்னால், மரையில் பஞ்சு நூலைச் சுற்றி, மேலே வெள்ளைப் பசையைத் தடவி முடுக்குவார்கள். கோயமுத்தூர்ப் பக்கம் கிணற்றில் மோட்டார் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நூலுக்கு இங்கே பஞ்சமா என்ன? ரூபன் சுற்றினால் நூல் மரையின் பள்ளத்துக்குள் ஒழுங்காகப் போய்ப் படுத்துக்கொள்ளும். டெஸ்டிங் செக்‌ஷனில் மற்றவர்கள் பூட்டிய பம்ப்பில் தண்ணீர் ஏற்றி, ஒவ்வொரு ஜாயிண்ட்டாகத் தடவிப் பார்ப்பார்கள். அவனுடையது வந்தால், "ரூபன் போட்ட ஜாயிண்ட்டுதானே, போகட்டும்" என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு தொழிலாளிக்கு இதைவிட வேறென்ன பட்டம் வேண்டும்? கம்பெனி கதவடைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியபோது, அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவன் கூடவே எடுத்துக்கொண்டு வந்தான்.

வீட்டிலும் அதே கதைதான். குழாய் சொட்டினால் நூல், ஸ்டவ் கசிந்தால் நூல். "உங்களுக்குத் தலவலி வந்தாக்கூட மண்டையச் சுத்தி நூலக் கட்டிப் பசையத் தடவிப்போடுவீங்களாட்ட இருக்குது" என்பாள் அவன் மனைவி அன்புச்செல்வி. அவன் சிரித்துக்கொள்வான். கொட்டகையில் ஸ்பேனர் மாட்டும் பலகையில் முதல் ஆணி நூல்கண்டுக்குத்தான் ஒதுக்கியிருந்தது. ஏ.சி. வேலையில் நூலுக்கு இடமே கிடையாது என்பதெல்லாம் அந்த ஆணிக்குத் தெரியாது.

ரூபனுக்குத் தெரியும். பெங்களூரில் ஏ.சி. கடை வைத்திருந்த மச்சான் ஆல்வின் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினான். ஏ.சி.க்குள் ஓடுவது தண்ணீர் இல்லை, கேஸ். தண்ணீர் நுழைய முடியாத இடுக்கில் எல்லாம் அது நுழையும். அதனால் செம்புப் பைப்பின் வாயை அகல விரித்து, அந்த விளிம்பு பித்தளை மேல் நேராக உட்காரும்படி நட்டை முடுக்க வேண்டும். நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. தூசி இருந்தாலும் கேஸ் போய்விடும். இதற்கெல்லாம் ரூபன் நன்றாகத் தலையாட்டியிருந்தான்.

அப்படியும் தொண்ணூற்றாறாம் வருஷத்துக் கோடையில் அவன் ஒரு ஜாயிண்ட்டில் நூலைச் சுற்றினான். அது ஒரு பெண் குழந்தையின் உயிரில் போய் நின்றது.

அந்தக் குழந்தையின் பேர் தாரணி. ஆறு வயது. கருமத்தம்பட்டியில் விசைத்தறி போட்டிருந்த லட்சுமணசாமியின் மகள் வயிற்றுப் பேத்தி. அவளுக்கு வேர்க்காது. உடம்பில் வேர்வைச் சுரப்பி பிறவியிலேயே இல்லை என்று ஆர்.எஸ்.புரத்து டாக்டர் சொல்லியிருந்தார். நமக்கெல்லாம் வெயில் ஏறினால் வேர்த்து உடம்பு ஆறிவிடும். அவளுக்கு ஏறிய சூடு இறங்க வழியில்லை. மெல்லிசான முடியும் காய்ந்த தோலுமாக இருந்தாலும், வாய் மட்டும் ஓயாது. அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் பிள்ளை தாத்தாவிடம் வளர்ந்தாள். அவளுக்கென்றே கூடத்தில் ஒரு ஏர் கூலரை வைத்திருந்தார் லட்சுமணசாமி. அவளுக்கென்றே ஏ.சி. பொருத்திய பழைய அம்பாசடர் ஒன்றையும் வாங்கினார். அவள் இல்லாமல் வேறு யாரும் அந்தக் காரில் ஏறி ரூபன் பார்த்ததில்லை.

மாசிக் கடைசியில்தான் அவன் முதல் தடவை அங்கே போனான். கார் தறிக்கொட்டகை ஓரத்தில் நின்றது. ஏ.சி.யில் கேஸ் சுத்தமாக இல்லை. தேடிப் பார்த்ததில், ரேடியேட்டருக்கு முன்னால், ட்ரையர் என்கிற கறுப்புச் சிலிண்டரில் பைப் வந்து சேரும் இடத்தில் விரிசல். விரித்த வாயில் மயிரிழை போல ஓடியிருந்தது. அதை வெட்டிவிட்டுப் புதிதாக வாய் விரிக்கலாம் என்றால் பைப்பில் நீளம் போதாது. புதுப் பைப் வளைத்துக் கொண்டுவர வேண்டும்.

"நாளைக்குக் காத்தால புள்ளைய டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகோணுமுங்களே" என்றார் லட்சுமணசாமி. "பொழுது ஏறிப்போச்சுன்னா அவளுக்கு ஆகாதுங்க தம்பி."

ரூபன் நட்டை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றான். சிங்காநல்லூர் போய்த் திரும்பப் பொழுது இல்லை. பிள்ளை வாசற்படியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கய்யா, நூலு கொஞ்சம் கெடைக்குமுங்களா?"

"தறிக்காரன் ஊட்டுல வந்து நூலு கேக்கறீங்களே!" லட்சுமணசாமி சிரித்தபடி உள்ளே போனார். ஒரு நூல் கோனிலிருந்து கை நீளத்துக்கு இழுத்து அறுத்து, இரண்டாக மடித்து, தொடையில் வைத்து முறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். "எம்பட போர் மோட்டாருக்கும் நானு இதேதானுங்க சுத்தறது. ஒரு சொட்டு ஒழுகோணுமே!"

ரூபன் சுற்றினான். அவர் மோட்டாருக்கு வைத்திருந்த பசையை வாங்கித் தடவினான். முடுக்கினான். லட்சுமணசாமி குனிந்து நின்று அந்தக் கை வேலையை ரசித்துப் பார்த்தார். கசிவு பார்க்க நைட்ரஜன் ஏற்றியபோது, அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்கவில்லை. கேஸ் நிரப்பி ஓடவிட்டதும் உள்ளே குளுகுளுவென்று காற்று வந்தது. தாரணி முன் சீட்டில் ஏறி, காற்று வரும் வாயில் முகத்தை வைத்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்றாள்.

கை கழுவி வந்தவனுக்கு வாசலில் நாற்காலி போட்டார்கள். ரூபனின் அப்பா கருப்புசாமி இதே சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர். அவருக்கு எந்த வாசலிலும் யாரும் நாற்காலி போட்டதில்லை. அதன் நுனியில் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது ரூபனுக்கு நெஞ்சு விம்மியது. அடுத்த வாரம் வந்து பைப்பை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். ஏ.சி. நன்றாக ஓடுகிறது என்று சேதி வந்தது. நன்றாக ஓடுவதை எதற்குக் கழற்றுவது என்று அவனும் விட்டுவிட்டான்.

பங்குனியில் கேஸ் குறைந்துபோனது.

ரூபன் மறுபடியும் போனான். சோப்பு நுரையும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து ஒவ்வோர் இடமாகத் தடவினான். கேஸ் கசிந்தால் நுரையில் கொப்புளம் வரும். ஹோஸ் பைப், முன்பக்கக் கண்டென்ஸர், உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் கூலிங் காயில் என்று எங்கும் கொப்புளம் இல்லை. ட்ரையர் ஜாயிண்ட்டுக்கு வந்தபோது பிரஷ் தானாகத் தாண்டிக்கொண்டு போனது. பேருக்கு விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. வண்டி ஓடும்போது அந்த இடத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், கேஸோடு கசிந்து வரும் எண்ணெய் அங்கே தங்காது என்பது அவனுக்குத் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் அது ரூபன் போட்ட ஜாயிண்ட். பம்ப் கம்பெனியே சந்தேகப்படாததை அவன் எதற்குச் சந்தேகப்பட வேண்டும்?

கேஸை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரின் மூக்கில் கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. எந்தக் கம்ப்ரசரில்தான் இருக்காது? கள்ளன் அகப்பட்டுவிட்டான் என்று அவன் முடிவு கட்டினான். "கம்ப்ரசர் சீல் போயிருச்சுங்க" என்று லட்சுமணசாமியிடம் சொல்லி, ஆல்வின் மூலம் பெங்களூரிலிருந்து புது சீல் வரவழைத்து மாட்டி, மறுபடியும் கேஸ் ஏற்றிவிட்டு வந்தான்.

சித்திரை பிறந்த சூட்டோடு அதுவும் போனது. இந்தத் தடவை இன்னும் சீக்கிரமாகப் போனது.

லட்சுமணசாமி போனில் சத்தம் போடவில்லை. அதுதான் ரூபனுக்குக் கலக்கமாக இருந்தது. "நிக்க மாட்டேங்குதுங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் ரூபன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாயில் வைக்கவில்லை.

"அல்லாத்தையும் பாத்துப்போட்டீங்களா?" என்றாள் அன்புச்செல்வி.

"ஒண்ணு உடாம பாத்துட்டேன்."

"நீங்க செஞ்சதையுமா?"

அவனுக்குச் சுருக்கென்றது. "நாஞ்செஞ்சது போகாது" என்றான். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் மோர்ச் சட்டியை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே கருமத்தம்பட்டியில் இருந்தான். மூன்றாவது முறையாகக் கேஸ் ஏற்றினான். எங்கே போகிறது என்று தெரியாமலே ஏற்றுகிறோமே, இது வைத்தியமா, ஏமாற்று வேலையா என்று அவனுக்கே தெரியவில்லை. அன்றைக்கு நாற்காலி போடவில்லை. மறந்துவிட்டார்களோ, வேண்டுமென்றேதான் போடவில்லையோ என்று அவன் மனசு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

வேலை முடிந்து கேஜ்களைக் கழற்றும்போது, ஊர்க்கோடியில் டமார் என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் ஊரில் இருந்த தறி எல்லாம் ஒரேயடியாக நின்றன. தறிச்சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த ஊர் அது. அந்த அமைதியில் ஆட்கள் பயந்துபோய்த் தெருவுக்கு வந்தார்கள். டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது, சாயங்காலத்துக்கு முன்னால் கரண்டு வராது என்று சேதி வந்தது.

கூடத்தில் ஏர் கூலரும் நின்றிருந்தது. ரூபன் கிளம்ப மனசில்லாமல் வாசலிலேயே இருந்தான். லட்சுமணசாமி ஈரத்துண்டால் பிள்ளையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உச்சிப்பொழுது ஆக ஆக வீடு அடுப்பாகிவிட்டது. தாரணியின் கன்னம் செக்கச்செவேலென்று ஆனது. "அப்புச்சி, தல வலிக்குது" என்றாள் தாத்தாவிடம். ஏ.சி. அறை வைத்த ஆஸ்பத்திரி ஆர்.எஸ்.புரத்தில் இருந்தது. போவதென்றால் இந்தக் காரில்தான் போக வேண்டும்.

லட்சுமணசாமி ரூபனை நிமிர்ந்து பார்த்தார். "கேஸு நிக்குமுங்களா?"

நிற்கும் என்பதற்கு அவனிடம் ஒரு ஆதாரமும் இல்லை. "நிக்குமுங்க" என்றான். "சாவியக் குடுங்க, நானே எடுக்கறேன்."

அவினாசி ரோட்டில் வண்டி நன்றாகத்தான் போனது. ஜன்னலுக்கு வெளியே அனல் பறந்தது. உள்ளே குளிர்ந்த காற்று வந்தது. பின் சீட்டில் தாத்தாவின் மடியில் படுத்திருந்த தாரணிக்குக் கொஞ்சம் தெளிவு வந்து பேச்சும் வந்தது.

"ஏ.சி. அண்ணா, குளுரு எங்கிருந்து வருது?"

"முன்னாடி பெட்டிக்குள்ள இருந்து வருதுங்க அம்மணி."

"தீந்துபோச்சுன்னா?"

"தீராதுங்க."

நீலாம்பூரைத் தாண்டினார்கள். சின்னியம்பாளையத்துக்குப் பக்கத்தில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. முன்னால் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. பின்னால் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ்ஸும் லாரியும் வந்து ஒட்டிக்கொண்டன. முன்னேயும் போக முடியாது, பின்னேயும் போக முடியாது. ஒரு மரத்து நிழல்கூட இல்லை.

ஓடுகிற வண்டியில் முன்பக்கம் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். நின்ற வண்டியில் அது கிடையாது. என்ஜின் சூடு ஏற ஏற, பைப்புக்குள் கேஸின் அழுத்தமும் ஏறும். ரூபன் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மேலே போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் அவன் கை வழுக்கியது. அவனுக்கு வேர்த்தது. பின்னால் இருக்கிற பிள்ளைக்கு வேர்க்காதே என்று நினைத்துக்கொண்டு கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

முன்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. 'புஸ்ஸ்' என்று ஆரம்பித்து நிற்காமல் சீறியது. கிரில் வழியாக வெள்ளையாகப் புகை போல ஒன்று எழும்பிக் கரைந்தது. உள்ளே வந்துகொண்டிருந்த காற்று முதலில் வெதுவெதுப்பாகி, பிறகு சூடாகிவிட்டது.

இறங்கி ஓடி பானெட்டைத் தூக்கினான். கம்ப்ரசரைத்தான் முதலில் பார்த்தான். அது சுத்தமாக இருந்தது. சத்தம் வந்த இடம் கீழே, ட்ரையர் பக்கம். நட்டைச் சுற்றி எண்ணெய் நுரைத்துக் கொண்டிருந்தது. அந்த நுரைக்கு நடுவில், பசை கரைந்து, அறுந்து, வெளியே தொங்கிக்கொண்டிருந்தது ஒரு நூல்.

ரூபனுக்கு ரோடு, வெயில், ஹாரன் சத்தம் எல்லாம் ஒரு கணம் இல்லாமல் போயின. அவனுடைய நூல். அவன் போட்ட ஜாயிண்ட். இத்தனை நாள் ஊரெல்லாம் கள்ளனைத் தேடிவிட்டு வீட்டுக்குள்ளேயே சோறு போட்டு வைத்திருந்திருக்கிறான். நூலைப் பிடித்து இழுத்தான், கையோடு வந்தது. யார் கண்ணிலும் படாமல் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். அப்படித் திணித்ததற்காக அப்புறம் அவன் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

"தம்பி!" காருக்குள்ளிருந்து லட்சுமணசாமி கத்தினார். "புள்ள பேச மாட்டேங்குது!"

கதவு எல்லாம் திறந்து கிடந்தன. கேனில் இருந்த தண்ணீர் முழுவதையும் துண்டில் ஊற்றித் துடைத்தாகிவிட்டது. தாரணியின் உதடு காய்ந்து, கண் பாதி மூடியிருந்தது. ரூபன் நெற்றியைத் தொட்டான். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் போல இருந்தது. பேச்சை நிறுத்தினால்தான் பயப்பட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஓயாத வாய் நின்றுவிட்டது.

தண்ணீர் வேண்டும். ஒரு குடம், இரண்டு குடம் போதாது. ரோட்டோரத் தோட்டங்களில் கிணறு உண்டு, மோட்டார் உண்டு, பகலில் மும்முனைக் கரண்டு கிடையாது. ரூபன் சுற்றுமுற்றும் பார்த்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நீளமான மில் சுவர். சுவருக்கு மேலே பெரிய ஃபேன் ஒன்று உறுமும் சத்தம் கேட்டது. மில்லில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அந்த உறுமல் அவனுக்குத் தெரியும். பஞ்சு நூல் காய்ந்து அறுந்துபோகாமல் இருக்க, வெளிக்காற்றைத் தண்ணீர்த் தூறலுக்குள் இழுத்து ஈரமாக்கி மில்லுக்குள் அனுப்புவார்கள். அதற்கென்று ஒரு தனி அறை உண்டு. அதில் தண்ணீர் இறைக்கிற பம்ப்பை, கம்பெனியில் இருந்தபோது இதே மில்லுக்கு வந்து பூட்டியவன் அவன்.

"குடுங்க புள்ளைய!" என்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் புகுந்து, பள்ளத்தில் இறங்கி ஏறி, கேட்டுக்குப் போனான். பின்னாலேயே லட்சுமணசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல், மூச்சு வாங்க ஓடி வந்தார்.

கேட்டில் காவலாளி குறுக்கே கையை நீட்டினார். "பாஸ் இல்லாம உள்ள உடக்கூடாதுங்க. ஆபீஸுல கேட்டுப்போட்டு…"

"அண்ணா, இந்தப் புள்ளையத் தொட்டுப் பாருங்க. தொட்டுப் பாத்துட்டு அப்பறம் வேண்டாம்னு சொல்லுங்க."

காவலாளி தாரணியின் கழுத்தைத் தொட்டார். சுட்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார். "போங்க, வெசையாப் போங்க" என்று சின்னக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார்.

அந்த அறைக்கு இரும்புக் கதவு. திறந்ததும் குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. உள்ளே முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு பக்கமும் வரிசையாகக் குழாய்கள், எல்லாக் குழாயிலிருந்தும் தூறல். ரூபன் அப்படியே உள்ளே இறங்கினான். பிள்ளையை மார்போடு பிடித்துக்கொண்டு தூறலுக்கு நடுவில் போய் நின்றான். ஃபேன் இழுத்த காற்று தண்ணீரோடு சேர்ந்து அவள் மேல் அடித்தது. லட்சுமணசாமியும் இறங்கி வந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அள்ளி அவள் தலையில் விட்டுக்கொண்டே இருந்தார். "கண்ணு… சாமி… அப்புச்சியப் பாரு கண்ணு…" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு எதுவும் வரவில்லை.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று ரூபனுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் ஒரு யுகம் என்றுதான் சொல்லியிருப்பான். எந்தக் கோவிலுக்கும் சர்ச்சுக்கும் நேராத நேர்த்தியை எல்லாம் அந்தத் தண்ணீருக்குள் நின்று நேர்ந்தான். தோளில் கிடந்த உடம்பு அனலாகவே இருந்தது. பிறகு வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு அவன் சட்டைக் காலரை ஒரு சின்னக் கை பிடித்துக்கொண்டது.

"அப்புச்சி… மழ பெய்யுதா?"

லட்சுமணசாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். ரூபன் பிள்ளையை இன்னும் கொஞ்சம் தூறல் பக்கம் திருப்பிப் பிடித்தான்.

மில்லிலிருந்து வேன் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். அதுவரை பிள்ளை அந்த ஈரக் காற்றிலேயே, அறையின் படியில், தாத்தா மடியில் உட்கார்ந்து காலால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். லட்சுமணசாமி அப்போதுதான் ரூபன் பக்கம் திரும்பினார்.

"எதுல போச்சுங்க தம்பி? மறுக்காவும் சீலுதானா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. கம்ப்ரசர் சரக்கே மட்டம், பெங்களூர்க்காரன் ஏமாற்றிவிட்டான் என்றால் அவர் நம்புவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் என்கிற பேரோடு போய்விடலாம். நாற்காலியும் திரும்ப வரும். சட்டைப் பையில் நூல் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. ரூபன் அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

"சீலு இல்லீங்கய்யா. மொதல்ல இருந்தே சீலு இல்லீங்க. நாம்போட்ட ஜாயிண்ட்டுதானுங்க. இதுல நூலே சுத்தக்கூடாதுங்க. தெரிஞ்சேதான் சுத்துனேன். அப்பறம் ஊரெல்லாம் தேடுனேன், அத மட்டும் சோப்புப் போட்டுப் பாக்கல. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேனுங்க."

லட்சுமணசாமி நூலை எடுத்தார். தறிக்காரர் கையில் நூல் கிடைத்தால் விரல் சும்மா இருக்காது. முறுக்கைப் பிரித்தார், இழையை நீவினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இருவதாம் நம்பரு, எம்பட தறி நூலு" என்றார் மெதுவாக. "ரெண்டா மடிச்சுத் தொடையில முறுக்குனது." இழையை விரலில் சுற்றினார். "இத முறுக்கிக் குடுத்தது நானுங்க தம்பி. நீங்க கேட்ட ஒடனே சந்தோசமா ஓடிப்போயி எடுத்தாந்து குடுத்தேன். பக்கத்துல நின்னு அழகு பாத்தேன்."

"நீங்க குடுத்தது நூலுங்க. சுத்துனது நானு."

"எனக்கு மட்டும் அது தப்பாத் தெரிஞ்சுதுங்களா? இது ஒண்ணப் போட்டா அல்லாம் நிக்கும்னு ரெண்டு பேருமில்ல நெனச்சோம்." அவர் பேத்தியின் ஈரத் தலையில் கையை வைத்தார். "நெனச்சு, இந்தப் புள்ளைய…" தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேன் வந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையை வைத்திருந்து, பயமில்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ரூபன் வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் அன்புச்செல்வியிடம் சொன்னான். நீங்க செஞ்சதையுமா என்று கேட்டேனே என்று அவள் குத்திக் காட்டியிருக்கலாம். அதை விட்டு, ஈரச் சட்டையை வாங்கி அலசிப் போட்டாள். அவன் கொட்டகைக்குப் போய் முதல் ஆணியிலிருந்து நூல்கண்டை எடுத்து, பசை டப்பாவோடு சேர்த்துத் தூக்கிப் போட்டான். அந்த ஆணியில் சோப்புப் பிரஷ்ஷை மாட்டினான்.

அந்த வாரமே புதுப் பைப் வளைத்து எடுத்துக்கொண்டு கருமத்தம்பட்டி போனான். இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று வழியெல்லாம் பயம். லட்சுமணசாமி காருக்கு முன்னால் மண்ணிலேயே உட்கார்ந்திருந்தார். நாற்காலி அன்றைக்கும் வரவில்லை. ரூபனும் அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். பைப்பின் வாயை நிதானமாக விரித்தான், துடைத்தான், மறுபடியும் துடைத்தான், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு முடுக்கினான். நைட்ரஜன் ஏற்றிவிட்டு, நுரைக் கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"நீங்க போடுங்கய்யா."

லட்சுமணசாமி பிரஷ்ஷை நுரையில் தோய்த்துவிட்டுத் தயங்கினார். "ட்ரையருக்குமுங்களா? அது நீங்க இப்பத்தானே போட்டது?"

"அதுக்குத்தானுங்க மொதல்ல போடோணும்."

நுரை நட்டின் மேல் வெள்ளையாக உட்கார்ந்தது. இருவரும் கண் கொட்டாமல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தறிகள் பின்னால் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கொப்புளமும் வரவில்லை. ஆனாலும் ரூபன் எழுந்திருக்கவில்லை. நுரை தானாக அடங்கும் வரை பார்த்துவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னான்.

கேஸ் ஏற்றி வண்டியை ஸ்டார்ட் செய்து, உச்சி வெயிலிலேயே நிறுத்தி ஓடவிட்டார்கள். என்ஜின் எவ்வளவு சூடேறுமோ ஏறட்டும் என்று விட்டார்கள். கேஜில் முள் நின்ற இடத்திலேயே நின்றது. தாரணி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னாள். இரண்டு பேரும் வெளியே வெயிலில் வேர்வை வழிய வழியக் காத்திருந்தார்கள்.

நெடுநேரம் கழித்து அவள் கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். ரூபன் கதவுப் பக்கம் ஓடினான்.

"அப்புச்சி, குளுருது. போத்திக்கறதுக்கு என்னமாச்சும் குடு."

அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் கேட்டிராத வார்த்தை அது. அந்தச் சித்திரை வெயிலில், லட்சுமணசாமி கம்பளி தேடி வீட்டுக்குள் ஓடினார்.